நூறு கஜம்

"பல் டாக்டர் மட்டை வீசுற ஸ்விங்கை நம்ம மாஸ்டர் வேரோட பிடுங்கிட்டார்யா!"

உடை மாற்றும் அறைக்குள் ஒரே சிரிப்பு. வெளியே, பந்துக் கூடையோடு வந்த கோல்ஃப் பயிற்சியாளர் அப்படியே நின்றுவிட்டார்.

"சும்மா இருநூறு கஜம் அடிச்ச மனுஷன். ஆறு வாரம் இவர்கிட்ட கத்துக்கிட்டு இப்ப நூறைத் தாண்டலை."

"அடுத்த மாசம் இவர் ஒப்பந்தம் முடியுது. கிளப் செயலாளர் வேற ஆள் பார்க்கிறாராம்."

காதில் விழாதது போல நடந்து மைதானத்துக்குப் போனார். பல் டாக்டர் தயாராகக் காத்திருந்தார்.

"மாஸ்டர், நேத்து ஒரு பந்து நூத்தி முப்பது போயிடுச்சு. இன்னும் குறைக்கணும்."

உலகத்தில் எல்லோரும் பந்து தூரம் போகத்தான் பயிற்சிக்கு வருவார்கள். இவர் ஒருவர்தான் கிட்டத்தில் விழ வேண்டும் என்று வந்தவர்.

"அதுக்குச் சின்ன மட்டையா எடுத்து அடிச்சாப் போதுமே சார்?"

"தெரிஞ்சிடும். மெதுவா அடிச்சாலும் தெரிஞ்சிடும். முழு பலத்தோட அடிச்ச மாதிரி இருக்கணும். பந்து மட்டும் நூறுல விழணும்."

"ஏதாவது பந்தயமா சார்?"

"சேச்சே!" அவர் அடுத்த பந்தை எடுத்து வைத்தார்.

பயிற்சியாளர் அவர் கால்களை இன்னும் நெருக்கி நிற்க வைத்தார். தோள் பாதிக்கு மேல் திரும்பாமல் பிடித்துக்கொண்டார். பத்தாவது பந்து சரியாக நூறில் விழுந்தது. டாக்டர் முகத்தில் கோப்பையை வென்ற சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில் கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"சார், நான்தான் உங்க ஆட்டத்தைக் கெடுத்துட்டேன்னு பேசிக்கிறாங்க. நீங்களே கேட்டு மாத்திக்கிட்டதுன்னு செயலாளர்கிட்ட ஒரு வார்த்தை..."

"அது மட்டும் முடியாது மாஸ்டர். வெளியே தெரிஞ்சா இவ்வளவு பாடும் வீண்."

தன் காரியம் நடந்தால் போதும், அடுத்தவன் பிழைப்பு எப்படிப் போனால் என்ன! இனி மறைப்பதில்லை என்று பயிற்சியாளர் சாயங்காலம் நேராகச் செயலாளர் அறைக்குப் போனார்.

செயலாளர் மேசையில் ஒப்பந்தத் தாள் கிடந்தது.

"உட்காருங்க மாஸ்டர். டாக்டர் விஷயமாத்தான்..."

"அதைச் சொல்லத்தான் சார் வந்தேன்."

அதற்குள் கதவை இடது கையால் தள்ளிக்கொண்டு டாக்டரின் அண்ணன் வந்தார். வலது கை உடம்போடு ஒட்டியபடி இருந்தது.

"நீங்கதானே அந்த மாஸ்டர்? என் தம்பியை என்னய்யா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"அண்ணா, விடுண்ணா..." பின்னாலேயே டாக்டர் ஓடி வந்தார்.

"நீ சும்மா இருடா! தோள் ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்கு நூறு கஜம்தான் போகும். இவன் பந்து எங்கேயோ போய் விழும், இவன் அங்கே நடப்பான், நான் தனியா நடப்பேன். இனி எதுக்கு இவனுக்குப் பாரமா இருக்கணும்னு மட்டையைத் தூக்கிப் போட்டுட்டேன். வீட்டைவிட்டு வெளியே வரலை."

அவர் மூச்சு வாங்கினார்.

"அப்புறம் ஒரு நாள் இவன் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தான். பார்த்தா, இவன் பந்தும் என் பந்து பக்கத்துலேயே விழுது. சரி, உனக்கும் வயசாயிடுச்சு வாடான்னு இப்ப தினமும் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் நடக்கிறோம், சண்டை போட்டுக்கிட்டே. எனக்கு அது சந்தோஷம்தான். ஆனா எனக்குத் தோள் போச்சு, இவனுக்கு என்ன வந்துது? நீங்க கெடுத்தீங்களா, இல்லை இவனே வேணும்னு..."

அண்ணனின் முதுகுக்குப் பின்னாலிருந்து டாக்டர் பயிற்சியாளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னமோ சொல்ல வந்தேன்னீங்களே மாஸ்டர்?" என்றார் செயலாளர்.

பயிற்சியாளர் எழுந்து நின்றார்.

"என் தப்புதான் சார். தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேன். இனிமே அதைத் திருத்த முடியாது."