ஏற்றத்தில் இறங்கவும்

அன்று காலை ஒன்பதரை மணிக்கு வேனில் ஏறியவர்கள் ஏழு பேர். நிர்வாகக் குழுத் தலைவர், வக்கீல், ஆடிட்டர், பேட்டரி கம்பெனி முதலாளி, டயர் கம்பெனி முதலாளி, மின்சாரக் கார் பந்தயங்களை நடத்தும் நிர்வாகி அம்மா, டிரைவர்.

பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் புதுப் பந்தயத் தடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். மதியம் கூட்டம். அம்மாவுக்கு இன்னும் மூன்று வருஷம் பதவி நீட்டிப்பதா, வேண்டாமா என்பது முடிவாக வேண்டும். கடிதம் தலைவரின் சட்டைப் பையில் தயாராக இருந்தது.

நாலு காரோடு ஆரம்பித்துப் பதினோரு வருஷத்தில் இருபத்திரண்டு கார் ஓட வைத்தவர் அம்மா. கையெழுத்துப் போடுவதில் என்ன தகராறு வரப்போகிறது என்றுதான் தலைவர் நினைத்திருந்தார், வேன் கிளம்பும் வரை.

டிரைவர் சார்ஜ் மீட்டரைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார். அம்மாவும் எட்டிப் பார்த்தார். சட்டென்று இறங்கிப் போய் வாட்ச்மேனிடம் ஏதோ கேட்டார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சார்ஜ் கொஞ்சம் கம்மி. ஏசியை நிறுத்திடுங்க தம்பி."

"கொஞ்சம்னா எவ்வளவு?" என்றார் வக்கீல்.

"பதினாலு சதவீதம்."

"பேட்டரி என்னுது. அதுல கோளாறே வராது," என்றார் பேட்டரிக்காரர், யாரும் கேட்காமலே.

"பேசாம டாக்ஸி பிடிச்சிடலாமே?" என்றார் ஆடிட்டர்.

"பெட்ரோல் டாக்ஸியில போய் மின்சாரப் பந்தயத் தடத்துல இறங்கினா, படம் புடிச்சு ஊரெல்லாம் பரப்பிடுவாங்க சார்," என்றார் அம்மா.

வேன் ஊர்ந்தது. அதன் பக்கவாட்டில் 'மின்னலைத் துரத்த முடியுமா?' என்று பெரிதாக எழுதியிருந்தது. சைக்கிளில் வந்த ஒருவர் அதை நிதானமாகப் படித்து முடித்துவிட்டு, முந்திக்கொண்டு போனார்.

வழியில் இருந்த பெரிய மேட்டின் அடியில் அம்மா வேனை நிறுத்தச் சொன்னார்.

"எல்லாரும் இறங்கி மேல வரைக்கும் நடந்துட்டா நல்லது."

"என்னம்மா, விளையாடறீங்களா?" என்றார் தலைவர்.

"பந்தயத்துலயும் இதே கதைதான் சார். ஏத்தத்துல சார்ஜைக் குடிக்கும். இறக்கத்துல பிரேக் பிடிக்கப் பிடிக்க கொஞ்சம் திரும்ப ஏறும். அதனால ஏத்தத்துல கனம் ஆகாது. இறக்கத்துல கனம் வேணும்."

டயர்க்காரர் நூற்றுப் பதினெட்டு கிலோ. வக்கீல் முன்னால் இழுக்க, ஆடிட்டர் பின்னால் தள்ள, ஒரு வழியாக உச்சிக்கு வந்து சேர்ந்தார்.

"டயர் சார், முதல்ல நீங்க ஏறுங்க. இப்ப நீங்கதான் எங்களுக்கு வேணும்," என்றார் அம்மா.

இறக்கம் முடிந்ததும் டிரைவர் கூவினார். "அம்மா, ஒண்ணு ஏறிடுச்சு!"

"பாத்தீங்களா? என் உடம்பைக் கிண்டல் பண்ணின அத்தனை பேரும் பாத்துக்கங்க," என்றார் டயர்க்காரர்.

வேனே சிரித்தது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. புது ஷூ அவருக்கு இரண்டு குதிகாலிலும் கடித்திருந்தது. திரும்பி வரும்போது மேடு இந்தப் பக்கமிருந்தும் ஏற்றம்தான் என்ற கணக்கு அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மதியம் ஒன்றே முக்காலுக்கு வேன் ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. மீட்டரில் ஒரே ஒரு சதவீதம் மீதி இருந்தது.

கூட்டத்தில் தலைவர் வெடித்தார்.

"ஒரே ஒரு வேனுக்கு சார்ஜ் போட்டு வைக்கத் துப்பில்லை. இருபத்திரண்டு காரை உங்களை நம்பி எப்படிம்மா விடறது? நானும்தான் மின்சாரக் கார் வெச்சிருக்கேன். ஒருநாள் நடுரோட்டுல இறங்கி நடந்திருப்பேனா? யாரோட தப்பு இது, டிரைவரா? சொல்லுங்க, இப்பவே வீட்டுக்கு அனுப்பறேன்."

"அவர் பேர்ல தப்பில்லைங்க. அவர் காலையில ஏழு மணிக்கே சார்ஜ் போட்டுட்டார். கிளம்பறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பாத்திருக்கணும். என் தப்புன்னு வெச்சுக்கங்க."

"வெச்சுக்கறது என்ன? உங்க தப்பேதான்."

"விடுங்க தலைவரே. எனக்கு இந்த வருஷத்து நடை இன்னிக்கே முடிஞ்சுது. டாக்டர் கேட்டா சந்தோஷப்படுவார்," என்றார் டயர்க்காரர்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"இந்தக் கடிதத்துல நான் கையெழுத்துப் போடறதா இல்லை. வேற ஆள் பாருங்க," என்று தலைவர் எழுந்துவிட்டார்.

அம்மா, "சரிங்க," என்றார்.

நொண்டிக்கொண்டே காரை நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்த தலைவரைப் பார்த்து வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"ஐயா, காலையில எட்டு மணிக்கு நீங்க சொன்னபடியே செஞ்சுட்டேன்."

"என்னய்யா சொன்னேன்?"

"இருக்கறது ஒரே சார்ஜர். 'எவன் வண்டி மாட்டியிருந்தாலும் கழட்டிட்டு என்னுதுக்குப் போடு'ன்னு சாவியைத் தூக்கிக் கொடுத்துட்டு மேல போயிட்டீங்களே? நம்ம வேன்தான் மாட்டியிருந்துச்சு. கழட்டிட்டேன்."

தலைவருக்குக் குதிகால் வலி மறந்து போனது.

"இது அம்மாவுக்குத் தெரியுமா?"

"வண்டி கிளம்பறப்பவே வந்து கேட்டாங்க, சொல்லிட்டேன். 'பெரியவருக்கு எல்லார் முன்னாடியும் சங்கடமாயிடும், யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க'ன்னாங்க. உங்ககிட்ட சொல்லலாம்தானேய்யா?"

தலைவர் பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கார் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். மறக்காமல் தேதியும் போட்டார்.

"மேல குழுக்காரங்க நாலு பேரும் இன்னும் இருக்காங்களா?"

"டீ குடிச்சிட்டிருக்காங்கய்யா."

"என் வண்டியைக் கழட்டிட்டு வேனுக்கு மாட்டு."

எப்படி ஆரம்பிப்பது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே அவர் படியேறினார். பின்னாலிருந்து வாட்ச்மேன் சந்தோஷமாகக் கத்தினார்.

"ஐயா! உங்க வண்டியில ஒண்ணுகூடக் குறையலை. முழுசா நூறு!"