ஏரிக்கு எத்தனை அடி

அரசு உத்தரவாதம் உள்ள வீட்டுக் கடனில் மதிப்பீட்டு அறிக்கை வங்கிக்குச் சொந்தமில்லை, வீட்டுக்குச் சொந்தம். கடன் வேறு வங்கிக்கு மாறினால், பழைய வங்கி ஒரு கடிதம் வைத்து அறிக்கையை அப்படியே அனுப்பிவிடும். யாரும் வீட்டை மறுபடி மதிப்பிட மாட்டார்கள். வீட்டிலிருந்து ஏரிக்கரைக்கு எத்தனை அடி என்பதை மட்டும் புது வங்கி மூன்று முறை அளந்து பார்க்கும். ஒருமுறை ஐம்பதுக்குக் குறைந்தாலும் மாற்றம் கிடையாது. மாறாவிட்டால் திங்கட்கிழமை வீடு ஏலத்துக்குப் போகும் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். அறிக்கையில் தொண்ணூறு அடி என்றிருந்தது. அளவு நாடாவின் நுனியை அவள் வாசல் சுவரோடு அழுத்திப் பிடித்தாள்.

"பாம்பைப் புடிக்கிற மாதிரி ஏன் மேடம் புடிக்கிறீங்க? நாடாதான்!" என்று சிரித்தபடி புது வங்கியின் அலுவலர் வேதமூர்த்தி, ஏரிக்கரையில் நட்டிருந்த எல்லைக் கல் வரை நாடாவை இழுத்துக்கொண்டு நடந்தார். "எழுபத்தி நாலு!"

ஜெசிந்தா கல்லைப் பார்த்தாள். அது இருந்த இடத்தில்தான் இருந்தது. "சரியாப் பாருங்க சார்."

மறுபடி அளந்தார். "அறுபத்தி ஒண்ணு." இப்போது அவர் சிரிக்கவில்லை.

"போதும் சார். இதையே எழுதிக்கோங்க. இனிமே அளக்காதீங்க."

"மூணு எழுதணும் மேடம். ரெண்டோட விட்டா ஃபைல் திரும்பிடும்."

அவர் கரைக்கு நடந்தார். ஜெசிந்தா சுவரில் முதுகைச் சாய்த்து, குதிகாலை மண்ணில் ஊன்றிக்கொண்டாள். கல்லருகே குனிந்து எண்ணைப் படித்தவர் நிமிரவே இல்லை. முதுகுக்குப் பின்னால் சுவர் அவளை ஏரியை நோக்கி மெல்லத் தள்ளத் தொடங்கியது.