சொல்லிவிட்டு உதைக்கவும்

கரடியின் செங்கல் சூளையில் பொன்னுரங்கம், செவந்தி என்று இரண்டு கழுதைகள் கல் சுமந்தன. அளவுக்கு மேல் ஏற்றினால், பின்னால் நிற்கும் கரடிக்கு உதை விழும். வெகுநாளாக அங்கே நடைமுறை அதுதான்.

வலி பொறுக்காத கரடி, காட்டு ராஜாவிடம் போய்ப் புதுச் சட்டம் வாங்கி வந்தது. கழுதைகள் தாராளமாக உதைக்கலாம். ஆனால் உதைக்கிற அன்று காலையிலேயே நோட்டீஸ் கொடுத்துவிட வேண்டும்.

"சொல்லிட்டு உதைச்சா எவன் பக்கத்துல நிப்பான்? நம்ம கதை முடிஞ்சுது" என்று புலம்பியது பொன்னுரங்கம்.

"அதானே, எவன் நிப்பான்?" என்றது செவந்தி.

மறுநாள் காலையில் அது நேரே கரடியிடம் போனது. "முதலாளி, இன்னிக்கு உதைப்போம். இதுதான் நோட்டீஸ்."

கரடி அலறியடித்துக்கொண்டு மரத்தில் ஏறியது. கல் ஏற்ற ஆளில்லாததால் கழுதைகள் நாள் முழுக்கப் புல் மேய்ந்தன. அடுத்த நாளும் நோட்டீஸ். அதற்கடுத்த நாளும்.

வானம் கறுத்தது. சூளைக்குப் போகாத பச்சைக் கல்லெல்லாம் மழையில் கரைந்துவிடும். கரடி மரத்திலிருந்தே கெஞ்சியது: "பழையபடி சொல்லாமலே உதைச்சிடு, தாயி!"

செவந்தி காதுகளை மடக்கிக்கொண்டது.

"ஐயையோ, அது சட்டப்படி குற்றம், முதலாளி!"