அஞ்சும் பெட்டைதான்

"சேவல் ஒரு தடவை கூவினாலும் வீட்டைக் காலி பண்ணிடணும்" என்று கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

"கவலையே படாதீங்கம்மா, அஞ்சும் பெட்டைதான்" என்று அடித்துச் சொன்னார் மாடியில் குடியிருந்த தையல்காரர். கலப்பினக் குஞ்சுகளில் சேவல் எதுவென்று விற்றவனே கையை விரித்துவிட, கொண்டையையும் காலையும் உற்றுப் பார்த்து அவரே பொறுக்கியெடுத்தவை.

ஐந்தாம் மாதம் ஒரு விடியலில் கேட்டது, கொக்கரக்கோ!

"உங்க லட்சணம் தெரிஞ்சுபோச்சு!" மனைவி தலையிலடித்துக்கொண்டாள். "இதான், கொண்டை எப்படிச் செவந்திருக்கு பாருங்க. அந்தம்மா வர்றதுக்குள்ள எங்க அண்ணன் வீட்ல விட்டுட்டு வாங்க."

விட்டுவிட்டு வந்தார். மறுநாளும் கூவியது. அடுத்த சிவப்புக் கொண்டையும் போனது. ஐந்தே நாளில் கூடு காலி. நல்லவேளை, கீழிருந்து யாரும் ஏறி வரவில்லை.

ஆறாம் நாள் காலை, காலிக் கூட்டின் முன் இருவரும் நிம்மதியாகக் காப்பி குடிக்கையில், கொக்கரக்கோ!

பேயறைந்ததுபோல் விழித்தார்கள். கதவு தட்டப்பட்டது. துண்டால் மூடிய கூடையோடு வீட்டுக்காரம்மா.

"தம்பி, வெளிய சொல்லிடாதீங்க. உங்களப் பாத்து ஆசைப்பட்டு நானும் நாலு குஞ்சு வாங்கி, குளியலறையில வளக்கறேன். இதுல எது கூவுதுன்னு பாத்துச் சொல்லுங்களேன்."

தையல்காரர் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. மனைவியின் அண்ணன்.

"மாப்ள, அஞ்சும் முட்டை போடுது! கண்ணா அது, எக்ஸ்ரேயா?"

தையல்காரர் மனைவியைப் பார்த்தபடி, தானே தைத்த காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"கூடைய இப்படி வைங்கம்மா!"