நாலு மாசத்துல பைலட்

"பொண்ணு மெல்போர்ன்ல முழுகாம இருக்கா. அம்மாக்காரி இங்க ஏரோப்ளேன் ஓட்டக் கத்துக்கப் போறாளாம்! நீ கேக்க மாட்டியாடா குரு?"

தம்பி பெண்டாட்டியை நியாயம் கேட்க, அடையாறிலிருந்து ஆட்டோ பிடித்து மயிலாப்பூர் வந்திருந்தாள் விஜயலக்ஷ்மி.

ஆடிட்டர் குருபிரசாத் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "ஐம்பத்திரண்டு வயசுல பைலட் லைசென்ஸ். அதுவும் நாலே மாசத்துல. நான் சொன்னா கேட்டுடுவாளா?"

"ஏன்டீ வைதேகி, ஸ்கூட்டிக்கே வாட்ச்மேன்தானே ஸ்டாண்ட் போட்டுத் தரார்? ஆசைன்னா மெதுவாக் கத்துண்டா ஆகாதா?"

"ஆகாதுக்கா. ஸஹானாவுக்கு டிசம்பர் கடைசியில டெலிவரி. அதுக்குள்ள முடிச்சாகணும்" என்றபடி பெட்டியை மூடினாள் வைதேகி.

"பேரக்குழந்தையை விட இது பெரிசாப் போச்சு!"

வெளியூர்ப் பயிற்சிப் பள்ளியில் கூடப் படித்தவர்களுக்கெல்லாம் பத்தொன்பது, இருபது வயது. எல்லோருக்கும் அவள் ஆன்ட்டி. விடிகாலையில் பறத்தல், மத்தியானம் வகுப்பு, சாயங்காலம் பரீட்சைக்குப் படிப்பு.

முதல் முறை அவளாகத் தரையிறக்கியபோது விமானம் தவளை மாதிரி மூன்று முறை குதித்து நின்றது.

"மேடம், மூணு தடவை லேண்ட் பண்ணியிருக்கீங்க. கணக்குல ஒண்ணுதான் எழுத முடியும்" என்றார் பயிற்சியாளர் வாஜித்.

வைதேகி சிரிக்கவில்லை. "இன்னொரு ரவுண்டு போலாம் சார்."

நூறு ரவுண்டுக்கு மேல் போனாள். ஒருநாள் தனியாகவே பறந்தாள். டிசம்பர் முதல் வாரம் லைசென்ஸ் கைக்கு வந்தது. மறுவாரமே மெல்போர்ன் டிக்கெட்.

வழியனுப்ப விமான நிலையம் வந்த விஜயலக்ஷ்மி வாசலிலேயே ஆரம்பித்தாள். "வாம்மா பைலட்டு! ஏரோப்ளேனை நீயே ஓட்டிண்டு போப்போறியா, இல்ல..."

பாதியில் நிறுத்தினாள். வைதேகிக்குப் பின்னால், நெற்றி நிறைய விபூதியும் கையில் பாஸ்போர்ட்டுமாக குருபிரசாத்.

"குரு! நீயுமாடா? ப்ளேன்னாலே உனக்குக் கை கால் நடுங்குமே! கல்யாணமான நாளா டெல்லிக்குக் கூட ரெண்டு ராத்திரி ரயில்லதானே போயிண்டிருந்தே?"

குருபிரசாத் அசடு வழிந்தபடி மனைவியைப் பார்த்தார்.

வைதேகி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஸஹானா விஷயம் தெரிஞ்சு நான் கூப்பிட்டப்போ, 'தெரிஞ்ச பைலட் யாராவது பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுண்டா வரேன்'னாருக்கா. எனக்கு எந்த பைலட்டைத் தெரியும்?"