கையால் வெட்டாத கிண்ணம்

அநியாயம் நடந்தது என் அத்தைக்கு. முப்பது வருஷமாக அவள் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றிய கண்ணாடிக் கிண்ணத்தை, வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருக்கும்போது, “இது அச்சுல செஞ்சது” என்று சொல்லித் தலைகுனிய வைத்துவிட்டுப் போனாள் ஒருத்தி.

பழைய கண்ணாடிச் சாமான்களுக்கு மதிப்புச் சொல்ல வந்தவள். கழுத்தில் ஒரு லென்ஸ் தொங்கும். பூதக்கண்ணாடி என்று அவளுக்கு நான்தான் பெயர் வைத்தேன்.

அத்தையின் மாமியார் இறந்து, வீட்டுச் சாமான்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். விலை போகிறதை விற்றுப் பங்கு போடுவது, விலை போகாததை வேண்டியவர் எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடு. மாமா தவறிப்போனதிலிருந்து அந்த வீட்டில் அத்தை வாய் திறப்பதே அபூர்வம்.

“எனக்கு அந்தக் கிண்ணம் மட்டும் போதும்” என்றாள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

“கையால வெட்டின கண்ணாடின்னு உங்கம்மா சொல்வாங்க.”

பெரிய கொழுந்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கையால வெட்டினதா? அப்ப விலை இருக்குமே அண்ணி. விக்கிறதோட சேத்துடுங்க.”

அத்தையின் முகம் செத்துவிட்டது.

பூதக்கண்ணாடி கிண்ணத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். ஓரத்தை நகத்தால் தடவினாள். லென்ஸை வைத்துப் பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“என்னங்க, கையால வெட்டினதா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க” என்று அவசரப்பட்டார் பெரியவர்.

“இல்ல சார். வெட்டியிருந்தா ஓரம் நகத்தப் புடிக்கும். இது வழுக்குது. இதோ பாருங்க, அச்சு சேர்ற கோடு. உருகின கண்ணாடிய அச்சுல ஊத்தி அழுத்தினது.”

“அச்சா!” சின்னக் கொழுந்தனார் சிரித்தார். “அம்மா நம்ம எல்லாரையும் நல்லா ஏமாத்தியிருக்காங்க. எடுத்துக்குங்க அண்ணி, சாவி போட்டு வைக்க ஆகும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தாள். நான் வாயைத் திறந்தேன்.

“வக்கீலு, நீ சும்மா இரு” என்றார் அப்பா. எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வீட்டில் எனக்கு அந்தப் பெயர்.

சும்மா இருப்பதா? நாலு நாள் பல்கலைக்கழக நூலகத்தில் கிடந்தேன். அத்தையிடம்கூடச் சொல்லாமல் ஒரு கனத்த புத்தகத்தோடு பூதக்கண்ணாடியின் கடைக்குள் நுழைந்தேன்.

“இந்தப் படத்தப் பாருங்க. எங்க அத்தை கிண்ணத்துல இருக்கற அதே இலை, பின்னால அதே புள்ளி. கண்ணாடிய அச்சுல அழுத்தக் கத்துக்கிட்ட புதுசுல செஞ்சது. வெட்டின கண்ணாடியவிட இது கிடைக்கிறதுதான் கஷ்டம். குப்பைன்னு சொல்லிட்டு, அப்புறம் அத்தைகிட்ட சும்மா வாங்கிக்கலாம்னு திட்டமா?”

“குப்பைன்னு நான் சொன்னேனா?”

யோசித்தேன். சொல்லவில்லைதான். ஒப்புக்கொள்ள முடியுமா?

“சொல்லாம விட்டீங்களே, அது?”

அவள் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். “நல்லா தேடியிருக்க. ஆனா இந்தப் படத்துல இருக்கறது பின்னால வந்த நகல். உங்க அத்தையோடது இதுக்கும் முந்தினது. அந்தப் புள்ளி எதுக்குத் தெரியுமா? அச்சு சூடு பத்தலன்னா கண்ணாடில சுருக்கம் விழும். அத மறைக்கத்தான் இத்தன புள்ளி. புள்ளிக்கு நடுவுல கிட்டத்தட்ட ஆயிரம் குட்டிக் குழி இருக்கும்.”

கோபத்தோடு வந்தவள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

“அச்சுக்கோடு விரல் பட்ட உடனே தெரிஞ்சுபோச்சும்மா. அவ்வளவு நேரம் நான் பாத்தது அந்தக் குழிகளத்தான். எந்த வீட்டுக் கிண்ணமா இருந்தாலும் குழில கறுப்பா அழுக்கு ஏறியிருக்கும். இதுல ஒரு குழிலகூட இல்ல. ஒவ்வொண்ணா பிரஷ் விட்டுத் துடைச்சிருக்காங்க. திரும்பிப் பாத்தேன். ஒருத்தங்க மட்டும் மூச்சு விடாம என் கையையே பாத்துட்டு நின்னாங்க.”

“அதுக்காகப் பொய் சொல்லலாமா?”

“எங்க பொய்? அவர் கேட்டது ஒரு கேள்வி. பதில் சரி. எந்தக் காலத்து அச்சுன்னு கேட்டிருந்தா அதுக்கும் உண்மையத்தான் சொல்லியிருப்பேன். கேட்டுடுவாரோன்னு எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு.”

என்னிடமிருந்த வாதமெல்லாம் தீர்ந்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் பாக்கி.

“அத்தைக்காவது தெரிய வேண்டாமா? போலின்னு நெனச்சு மனசொடிஞ்சு போயிருப்பாங்க.”

“மறுநாளே வரச்சொல்லி எல்லாத்தையும் சொல்லிட்டேனே. எங்க செஞ்சது, எப்பச் செஞ்சது, என்ன மதிப்புன்னு கையெழுத்துப் போட்டு எழுதித் தரட்டுமான்னுகூடக் கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“‘வேண்டாம்மா. எழுதிக் குடுத்துட்டா, நாளைக்குத் துடைக்கிறப்போ கை நடுங்கும்’னாங்க.”