நின்று நின்று ஓடிய நாய்

“உன் படத்தைச் செவன் ட்வென்ட்டி சைஸுல போடு மாப்ள. எம்பி ஃபோரா மாத்தி, நல்லா அமுக்கிக் கொண்டா. மண்டபத்துல இருக்கறது பழைய மிஷின். முழு சைஸுல போட்டா திக்கும்.”

ஜேசுராஜ் சொன்னதற்கெல்லாம் விஜய்பாண்டி தலையாட்டினான். வெளியே வந்ததும் கூடப் படிக்கும் தங்கபாண்டியின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

“பாத்தியாடா, என் படத்தைச் சின்னதாக்கப் பாக்குறான். இவன் மட்டும் பெருசாக் காட்டிருவான்.”

“அவன் படமும் செவன் ட்வென்ட்டிதானடா.”

“உங்கிட்ட அப்படிச் சொல்லியிருப்பான்.”

தேனியில் அந்த அனிமேஷன் மையத்தில் சேர்ந்த நாளிலிருந்து இதே கதைதான். ஜேசுராஜ் எதையாவது வரைந்தால் மாஸ்டர் சங்கரலிங்கம் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவார். விஜய்பாண்டி வரைந்தால், “ம், பரவால்ல” என்பார். அந்தப் ‘பரவால்ல’தான் அவனுக்குச் சோறு இறங்கவிடாமல் செய்தது.

இப்போது கொச்சியிலிருந்து ஸ்டுடியோக்காரர் ஒருவர் வருகிறார். கல்யாண மண்டபத்தில் திரை கட்டி, எல்லார் படத்தையும் ஓட்டிப் பார்த்து, ஒரே ஒருவருக்கு வேலை கொடுப்பார்.

விஜய்பாண்டி தன் படத்தை அமுக்கவேயில்லை. முழு சைஸில், துளித் தரம் குறையாமல் அப்படியே எடுத்தான். வீட்டில் போட்டுப் பார்த்தபோது கொஞ்சம் திக்கத்தான் செய்தது. பெரிய திரையில் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டான். பைல் எந்த பென் டிரைவிலும் அடங்கவில்லை. கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கையே கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு வடுகபட்டியில் பஸ் ஏறினான்.

மண்டபத்தில் படங்களை வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பொறுப்பு ஜேசுராஜுக்கு.

“ஓட்டிப் பாத்தியா மாப்ள?”

“அதெல்லாம் பாத்தாச்சு. நீ உன் நாயைப் பாரு.”

ஜேசுராஜின் படத்தில் ஒரு கோம்பை நாய் ஓடும். அவ்வளவுதான் படம். ஆனால் பார்க்கிறவன் காலை இழுத்துக்கொள்வான், அப்படி ஓடும். விஜய்பாண்டியின் படத்தில் பூண்டுப் பற்கள் தோலை உரித்துப் போட்டுவிட்டுக் கல்யாண ஊர்வலம் போகும்.

“கொச்சி சாரை நான் போய்க் கூட்டியாரேன் மாஸ்டர்.” அவர் மனதில் முதலில் தன் முகம் பதியட்டும் என்று விஜய்பாண்டி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான்.

அவரைக் கூட்டிக்கொண்டு திரும்பியபோது, ஜேசுராஜ் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். மானிட்டரில் விஜய்பாண்டியின் பூண்டு. இவனைக் கண்டதும் ஜேசுராஜ் சட்டென்று அதை மறைத்தான்.

“ஏலே, என் படத்துல உனக்கென்ன வேலை?”

“ஒண்ணுமில்ல மாப்ள. சும்மா பாத்தேன்.”

“அதுக்கு ஏதாச்சும் ஆகட்டும். அப்புறம் இருக்கு உனக்கு.”

சீட்டுக் குலுக்கியதில் முதல் படம் ஜேசுராஜுடையது. இரண்டாவது விஜய்பாண்டியுடையது.

விளக்கை அணைத்தார்கள். திரையில் நாய் பாய்ந்து வந்தது. ஒரு காலைத் தூக்கியது. தூக்கியபடியே நின்றது.

“ஒண்ணுக்குப் போகுதுடா,” என்றான் பின்வரிசையில் ஒருவன். மண்டபமே சிரித்தது.

திடீரென்று நாய் திரையின் அந்தக் கோடியில் நின்றது. மறுபடி உறைந்தது. மாஸ்டர் எழுந்துவிட்டார்.

“என்னடா இது? இன்னொரு தடவை போடு.”

“வேணாம் மாஸ்டர். அடுத்த படம் போகட்டும்,” என்றான் ஜேசுராஜ்.

விஜய்பாண்டிக்கு உச்சி வெயிலில் இளநீர் குடித்த மாதிரி இருந்தது. தங்கபாண்டியை இடித்தான். “எனக்குப் புத்தி சொன்னாருல்ல பெரிய மனுசன். இப்ப யாரு படம் திக்குது?”

அவனுடைய பூண்டு ஊர்வலம் எண்ணெயில் வழுக்கிய மாதிரிப் போனது. ஒரு பல்கூடத் தடுக்கவில்லை. கைதட்டல் அடங்க நேரமானது.

எல்லாப் படங்களும் முடிந்ததும் கொச்சிக்காரர் விஜய்பாண்டியைத் தனியே அழைத்தார்.

“கொள்ளாம், நல்லாருக்கு தம்பி. ஒரு இடத்துலயும் நிக்கலை. அந்த நாய் வரைஞ்ச பையனுக்கு நல்ல கை. படம் ஏன் அப்படி ஆச்சு?”

“அவனுக்கு வரையத்தான் சார் தெரியும். பார்மட்டு, கம்ப்ரஷன் எல்லாம் ஒண்ணும் பத்தாது.”

“அது தெரியாம ஸ்டுடியோவில் கஷ்டம்.” அவர் இவன் கையைக் குலுக்கினார். “அப்ப நீ வா.”

அவர் வாசலில் டீ குடிக்கப் போனார். விஜய்பாண்டி ஹார்டு டிஸ்க்கை வாங்கிக்கொள்ள உள்ளே வந்தான். புரொஜக்டர்காரர் அழகர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரும் அவருடையதுதான்.

“பாத்தீகளாண்ணே, முழு சைஸுலயே எப்படி ஓடுச்சுன்னு?”

“எங்கிட்டு ஓடுச்சு? நீ கொண்டாந்ததைப் போட்டா ஒரு பூண்டு நகரலை. ஜேசுராஜுதான் உக்காந்து சின்னதா மாத்துச்சு. நீ அந்தச் சாரோட வர்றப்ப பாதிதான் முடிஞ்சிருந்துச்சு.”

விஜய்பாண்டி துண்டை விரித்தபடி நின்றான்.

“ஜேசுராஜு படம் ஓடையில, பின்னாடி உன் படத்தைத்தான் மிஷின் மாத்திக்கிட்டுக் கெடந்துச்சு. ஒரே நேரத்துல ரெண்டு வேலையை எப்படி இழுக்கும்? அதான் நாய் நின்னு நின்னு ஓடுச்சு.”

“நிறுத்தியிருக்கலாம்லண்ணே…”

“நிறுத்துனா உன் படம் இல்ல. ‘மாஸ்டர்கிட்டச் சொல்லி, இது மாத்தி முடியற வரைக்கும் பொறுப்போம் தம்பி’ன்னு அதுகிட்டச் சொல்லிப் பாத்தேன். கேக்கலையே. ‘எதுக்குன்னு கேப்பாகண்ணே. விஜய்பாண்டிக்குப் பார்மட்டு தெரியலைன்னு நான் சொல்ற மாதிரி ஆயிரும்’னுருச்சு.”